லவினியா அப்பவே சொன்னா

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு "நீ பெருசா, நான் பெருசா" என்ற சண்டை புதிதல்ல. எங்கள் தல புராணமே அதில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் ஒசத்தி. பதுமனுக்குத் திருமால்தான் ஒசத்தி. பேச்சு முற்றி, பஞ்சாயத்து அம்மனிடம் போனது. "சோலியப் பாத்துட்டுப் போங்கலே" என்று விரட்டாமல், பாவம், அம்மனே புன்னை வனத்தில் தவத்தில் நின்றாள். இறைவன் ஒரு பாதி சங்கரனாகவும் மறு பாதி நாராயணனாகவும் வந்து நின்று, இரண்டு பேருக்கும் மார்க்கைச் சரிபாதியாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தீர்ப்பு நாளுக்குத்தான் ஆடித் தபசு என்று பெயர். திருவேங்கடத்திலிருந்து வருஷா வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், புற்றுமண்ணை மடித்து எடுத்து வருகிறோம்.

வகுப்பறைச் சண்டை அளவுக்கான விவகாரம் ஒன்றுக்கு எங்கள் ஊரில் மூன்று தெய்வங்கள் வேலை செய்திருக்கின்றன. லண்டனில் ஒரு பிள்ளைக்கு ஒரு தெய்வம்கூட வரவில்லை. அவள் பெயர் லவினியா ஹெர்பர்ட்.

கார்ட்டூன் உலகத்தில் லவினியா ஒரு துணைப் பாத்திரம். நிப்பான் அனிமேஷன் தயாரித்து, 1985 ஜனவரி முதல் டிசம்பர் வரை ஃபுஜி டிவியில் ஞாயிற்றுக்கிழமைகளில் 46 பகுதிகளாக ஓடிய 'ஷோகோஜோ செரா' என்ற ஜப்பானியத் தொடரில், கதாநாயகி சாராவின் எதிராளி. தொடரைப் பார்த்தவர்கள் சாராவுக்காக அழுதார்கள், அவள் படித்த பள்ளிக்கூடத்தை நடத்திய மின்சின் அம்மாளைச் சபித்தார்கள், லவினியாவைக் கண்டாலே பல்லைக் கடித்தார்கள். கொஞ்சம் நிதானமாகப் பழைய கணக்கைப் புரட்டினால், அந்தப் பள்ளிக்கூடத்தில் புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் அவள்தான் என்று தெரியும். நம்பாதவர்கள் மேலே படிக்கலாம்.

கதைக்குச் சொந்தக்காரர் பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட். 1849இல் மான்செஸ்டரில் பிறந்து, 1865இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் டென்னஸிக்குப் பஞ்சம் பிழைக்கப் போனவர். காகிதமும் தபால்தலையும் வாங்கக் காசில்லாமல் காட்டுத் திராட்சை பறித்து விற்று, பத்திரிகைக்குக் கதை அனுப்பத் தொடங்கினார். இப்படிப்பட்டவருக்குப் பணக்காரப் பிள்ளைகள் மேல் ஒரு மோகம் வருவதில் ஆச்சரியமில்லை. சாராவின் கதையை முதலில் சின்னதாக எழுதினார். 1888இல் அது புத்தகமாக வந்தது. பிறகு 1902இல் நாடகமாக்கினார். நாடகத்தில் கூட்டம் சேர்ந்ததும், பதிப்பாளர்கள் விடுவார்களா? 1905இல் முழு நாவலாக நீட்டினார். ஒரு கதையை வைத்து மூன்று தடவை அறுவடை. கரிசல் காட்டில்கூட அவ்வளவு விளைச்சல் கிடையாது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். லண்டனில் மிஸ் மின்சின் என்ற அம்மாள் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிப்பள்ளி. படிப்பைவிடப் பிள்ளைகளின் சட்டைத்துணிக்குத்தான் அங்கே மதிப்பு. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வரிசை கட்டித் தெருவில் நடந்து போவார்கள். வரிசையின் தலையில் நடப்பது யாரோ அவள்தான் பள்ளிக்கூடத்தின் விளம்பரப் பலகை. அந்த இடம் லவினியாவுடையது. பதின்மூன்று வயதை எட்டப்போகிறாள். தான் பெரிய மனுஷி என்ற நினைப்பு உண்டு. ஜெஸ்ஸி என்று ஒரு கையாள் உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிளாஸ் லீடருக்கு இருக்கிற சாமான்கள்தான், கூடுதலாக ஒன்றும் இல்லை.

அப்போது இந்தியாவிலிருந்து வந்து இறங்கியது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று. அப்பா கேப்டன் குரூ, பட்டாளத்து ஆபீசர். பிள்ளைக்கு அவர் வாங்கிக் குவித்த வெல்வெட்டையும் மென்மயிர்த் தோலையும் தீக்கோழி இறகுத் தொப்பியையும் பார்த்து, யாரோ இந்திய ராஜாவின் மகள் போலிருக்கிறது என்று கடைக்காரப் பெண்கள் குசுகுசுத்தார்களாம். பிள்ளைக்குத் தனியாக ஒரு உட்காரும் அறை. தனியாக ஒரு பிரெஞ்சு ஆயா. குட்டிக் குதிரை, வண்டி. எமிலி என்று ஒரு பொம்மை, பொம்மைக்குத் தனியாக உடுப்புப் பெட்டி. சம்பளப் பட்டாளத்துக்காரருக்கு இவ்வளவும் எங்கிருந்து வந்தது என்று மின்சின் அம்மாள் கேட்கவில்லை, நாவலாசிரியர் கேட்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை. நம் நாட்டிலிருந்து போன பணம். நாமே கேட்கவில்லை, அவர்கள் எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

மறுநாள் முதல் வரிசையின் தலையில் சாரா. லவினியா பின்னால்.

பரீட்சை வைத்து, மார்க்கு குறைந்து, பதவி பறிபோயிருந்தால் சரி. இது அப்படியல்ல. கோட்டின் விலை பார்த்து இடம் மாற்றினார்கள். இதில் ஆறு வயது மூத்த பிள்ளைக்கு வயிறு எரிந்தால் அதற்குப் பெயர் பொறாமையாம், கெட்ட குணமாம். இடத்தை மாற்றிய அம்மாளின் வியாபாரப் புத்தி பற்றி நாவல் நிறையவே திட்டுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்தவர்களின் எரிச்சலில் பாதி லவினியாவின் பங்காக வந்து சேர்கிறது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். வைரச் சுரங்கம்.

கேப்டனின் பள்ளித் தோழர் ஒருவர் வந்து, இந்தியாவில் தனக்கு வைரச் சுரங்கம் கிடைத்திருக்கிறது, நீயும் பங்கு போடு, கோடி கோடியாகக் கொட்டும் என்கிறார். கேப்டனும் கையில் இருந்த மொத்தத்தையும் அதில் போடுகிறார். சேதி லண்டன் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் ஒரே பரவசம். பூமிக்கு அடியில் சுரங்கம், சுவரெல்லாம் மின்னும் கற்கள், கறுத்த மனிதர்கள் கடப்பாரையால் தோண்டித் தோண்டி எடுக்கிறார்கள் என்று சாரா சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுகிறாள். வாய் பிளந்து கேட்கிறார்கள்.

லவினியா மட்டும் ஜெஸ்ஸியிடம் ஒரு கணக்குச் சொல்கிறாள். என் அம்மாவின் வைர மோதிரம் ஒன்றே நாற்பது பவுன். அதிலிருக்கிற கல்லும் பெரியதில்லை. சுரங்கம் நிறைய வைரம் என்றால் ஆட்களின் பணம் கேலிக்கூத்தாக அல்லவா போய்விடும்? வைரச் சுரங்கம் என்று ஒன்று இருப்பதாகவே நான் நம்பவில்லை.

எங்கள் ஆச்சிக்கு இந்தக் கதையை இந்த இடம் வரைக்கும்தான் சொன்னேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "அந்தப் புள்ள சரியாத்தானட்டி சொல்லிருக்கா" என்றாள். ஏலச்சீட்டில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள். அவளுக்குக் கதாநாயகி யார் என்பதைப் பற்றிக் கவலை இல்லை. முதல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

சரித்திரமும் ஆச்சி பக்கம்தான். வைரம் என்றால் ஒரு காலத்தில் உலகத்துக்கே இந்தியாதான். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்; கோல்கொண்டா வைரம் என்று பெயர் பெற்றதெல்லாம் அந்த வட்டாரத்துச் சரக்கு. தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி 17ஆம் நூற்றாண்டில் அங்கே போனபோது அறுபதாயிரம் பேர் தோண்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். 1720களில் பிரேசிலில் வைரம் அகப்பட்டது. நம் சுரங்கங்கள் வற்றின. பன்னா பக்கம் கொஞ்சம் மிச்சம். 1867க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் அள்ள அள்ள வந்தது. கிம்பர்லியில் பெரிய பள்ளத்தையே தோண்டினார்கள். சாராவின் கதை புத்தகமாக வந்த அதே 1888இல்தான் செசில் ரோட்ஸ் டி பியர்ஸ் கம்பெனியை உருவாக்கி வைரத்தை ஒரு பிடிக்குள் கொண்டுவந்தார். ஆக, கேப்டன் குரூ பணம் போட்டது எந்த ஊரில்? கடை காலியாகி, பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்த ஊரில். தோழன் கிம்பர்லி என்றாவது சொல்லியிருக்கலாம்.

இது கற்பனையில் மட்டும் நடக்கிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1880ஐ ஒட்டி நம் நீலகிரிப் பக்கம் பந்தலூர், தேவாலா வட்டாரத்தில் தங்கம் கிடைக்கிறது என்று ஒரு காய்ச்சல் அடித்தது. லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். பங்குகள் பறந்தன. காபித் தோட்டம் நொடித்துப் போயிருந்த துரைமார்களுக்கு அது வரப்பிரசாதம்: காபி விளையாத மண்ணைத் தங்கம் விளையும் மண் என்று விற்றுவிடலாம். எந்திரங்களை மலைமேல் ஏற்றினார்கள். கல்லை உடைத்தார்கள். கல்தான் வந்தது. சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன. எந்திரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்தன. அந்தப் பங்குகளை வாங்கியவர்களில் எத்தனை கேப்டன் குரூக்களோ. லண்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் இதைப் பற்றிப் புலம்பியதைக் காதில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளையாக லவினியாவை நான் நினைத்துக்கொள்வதுண்டு. நாவலில் இல்லை, என் யூகம்தான்.

நமக்கும் பழக்கம் விடவில்லை. 1990களில் தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்றார்கள். பிறகு கொங்கு நாட்டில் ஈமு கோழி. கோழிக்குத் தீனியும் போட்டு, மாசம் காசும் தருகிறோம் என்றார்கள். 2012இல் கதவை இழுத்துச் சாத்தியபோது, பட்டினி கிடந்த கோழிகள் மட்டும் கொட்டகையில் நின்றன. ஒவ்வொரு வீட்டிலும் "இது நடக்கிற காரியமா?" என்று கேட்ட ஒருத்தி இருந்திருப்பாள். அவளை அன்றைக்கு எல்லோரும் என்ன சொல்லியிருப்பார்கள்? வாயாடி. அபசகுனம். அடுத்தவன் நல்லா இருந்தால் பொறுக்காதவள்.

சாராவின் பதினொன்றாம் பிறந்த நாள். கேக், பரிசு, பாரிசிலிருந்து வந்த பெரிய பொம்மை என்று மின்சின் அம்மாள் தன் கைக்காசைப் போட்டு ஜமாய்த்துக்கொண்டிருக்கிறாள். பில்லை அப்புறம் கேப்டனுக்கு அனுப்பிக்கொள்ளலாம் அல்லவா. அந்த நேரம் பார்த்து கேப்டனின் வக்கீல் வந்து நிற்கிறார். கேப்டன் காட்டுக் காய்ச்சலில் போய்விட்டார். பணமெல்லாம் போச்சு. தோழன் ஓடிவிட்டான். வைரச் சுரங்கங்கள் ஆளை வாழ வைத்ததைவிட அழித்ததுதான் அதிகம் என்று ஒரு உபதேசத்தையும் வக்கீல் உதிர்க்கிறார். லவினியா காசு வாங்காமல் சொன்னதை இவர் பீஸ் வாங்கிக்கொண்டு, செத்த பிறகு சொல்கிறார். நாவலில் இவரை யாரும் பொறாமைக்காரர் என்று திட்டவில்லை.

பிறகு நடந்தது ஊருக்குத் தெரிந்த கதை. வெல்வெட் போய்க் கறுப்புக் கவுன். உட்காரும் அறை போய்க் கூரைக்குக் கீழே எலி ஓடும் பரண். பக்கத்துப் பரணில் பெக்கி என்ற சமையற்கட்டுச் சிறுமி. இளவரசி வேலைக்காரியான கதை என்று உலகமே கண்ணீர் விட்டது. நாம் அதை எப்போதோ கேட்டுவிட்டோம். மகாபாரதத்தில் சர்மிஷ்டை அரசன் மகள், தேவயானி குருவின் மகள். குளிக்கப் போன இடத்தில் காற்றடித்துத் துணிமணி மாறிப்போய், வாய்ச்சண்டை முற்றி, சர்மிஷ்டை தேவயானியைக் கிணற்றில் தள்ளுகிறாள். அப்பாக்கள் பஞ்சாயத்துப் பேசி முடித்தபோது அரசன் மகள் ஆயிரம் தோழிகளோடு குரு மகளுக்குப் பணிப்பெண். அங்கே யார் நல்லவள், யார் கெட்டவள் என்று வியாசர் முத்திரை குத்தவில்லை. இரண்டு பேருக்கும் கோபம் இருந்தது, இரண்டு பேருக்கும் நியாயமும் இருந்தது. கடைசியில் பணிப்பெண்ணின் மகன் பூரு ராஜாவானான். பர்னெட் அம்மையார் அந்தக் கதையைப் படித்திருந்தால் லவினியாவுக்கும் நாலு நல்ல வரி கிடைத்திருக்கும்.

லவினியா யோக்கியசிகாமணி என்று நான் வாதாட வரவில்லை. லாட்டி என்ற நாலு வயதுக் குழந்தையை அறைந்திருக்கிறாள், அது தப்பு. விழுந்து கிடப்பவளைப் பார்த்து இளக்காரமாகப் பேசியிருக்கிறாள், அதுவும் தப்பு. இதையெல்லாம்விடப் பெரிய குற்றமாகச் சொல்லப்படுவது, எர்மன்கார்ட் என்ற தோழி தின்பண்டக் கூடையைப் பரணுக்குக் கொண்டுபோய் சாராவோடும் பெக்கியோடும் விருந்து வைத்ததை மின்சின் அம்மாளிடம் போட்டுக்கொடுத்தது. பசியில் இருந்த பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கிய பாவம் அது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே இரவில், பக்கத்து வீட்டு வேலைக்காரர் ராம் தாஸ் கூரை வழியாக இறங்கி, தூங்கும் பிள்ளையின் அறைக்குள் கம்பளமும் சாப்பாடும் வைத்துவிட்டுப் போகிறார். அதை மாயாஜாலம் என்கிறார்கள். ராத்திரியில் கூரை ஏறி ஒரு பெண்பிள்ளையின் அறைக்குள் இறங்கினால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். சாரா வந்தபோது அவளுக்கு ஏழு, லவினியாவுக்குப் பதின்மூன்று தொட்டும் தொடாமலும். சாராவுக்குப் பதினொன்று ஆனபோது லவினியாவுக்குப் பதினேழு. அதற்குப் பிறகும் அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பறை, அதே ஜெஸ்ஸி. கல்யாண வயதுப் பெண்ணைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டு, அவளுக்குக் குணம் சரியில்லை என்றால் எப்படி?

ஜப்பான்காரர்கள் இந்தக் கதையை எடுத்தபோது லவினியாவை அமெரிக்கக்காரியாக்கி, அப்பாவை எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் பெரும்புள்ளியாக்கினார்கள். பூமியைத் தோண்டி நிஜமாகவே பணம் எடுத்த குடும்பத்துப் பிள்ளை! வைரச் சுரங்கக் கதையை நம்பாததற்கு அதைவிட நல்ல காரணம் உண்டா? இயக்கியவர் குரோகவா ஃபுமியோ. 46 பகுதி ஓட்ட வேண்டும் என்பதால் கொடுமைகளைத் தாராளமாகச் சேர்த்தார்கள். நாவலில் லவினியா ஒரு முறைப்பு முறைத்த இடத்தில், தொடரில் ஒரு வாரத்துக்குச் சூழ்ச்சி. நம் மெகா சீரியல் நாத்தனார்களுக்கு இந்த வித்தை புதிதில்லை.

இதே 1985இல், ஜப்பானில் பரணில் நடுங்கும் சாராவைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தபோது, எங்கள் கரிசல் பக்கம் விடியலுக்கு முன்னாலேயே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊர் ஊராக வந்து ஹாரன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. தூக்கக் கலக்கத்தில் ஏறிய அந்தப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வரிசையில் முதலில் நடப்பதா இரண்டாவது நடப்பதா என்ற பிரச்சினையே வரவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல்தான் வந்தது. சட்டம் வந்ததும் வண்டி நின்றுவிடவும் இல்லை. சாராவைத் தேடி வந்ததுபோல், அவர்களில் யாரையும் தேடிக்கொண்டு வைரச் சுரங்கக்காரர் பக்கத்து வீட்டில் குடிவரவில்லை. பெக்கியின் கதையைத்தான் தொடராக எடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சாராவும் லவினியாவும் அதில் இரண்டு முதலாளி வீட்டுப் பிள்ளைகளாக ஓரமாக வந்து போயிருப்பார்கள்.

எங்கள் பக்கத்துக்குக் கார்ட்டூன் வந்து சேர நாளாயிற்று. அதே நிப்பான் அனிமேஷனின் மௌக்லி 1993இல் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் இந்தியில் பேசியபோது, மொழி புரியாமலே பார்த்தோம். ஓநாய்க்கு எந்த மொழியாயிருந்தால் என்ன? 2006 செப்டம்பரில் இலவச கலர் டிவித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. ஓலைக்கூரைக்குக் கீழேயும் டோரா தமிழ் பேசினாள். பிறகு வந்த பிள்ளைகளுக்கு எதிராளிப் பெண்கள் தாராளம். கிம் பாஸிபிளுக்கு ஒரு போனி ராக்வாலர், மிராக்குலஸ் லேடிபக்குக்கு மேயர் மகள் குளோயி பூர்ஷ்வா. எல்லாம் லவினியாவின் வாரிசுகள்தான். நல்ல உடுப்பு, கூட ஒரு ஜால்ரா, கதாநாயகியைக் கண்டால் ஒரு உதட்டுச் சுழிப்பு. பாட்டியின் கணக்குப் புத்தி மட்டும் பேத்திகளுக்கு வரவில்லை. அதுதான் வருத்தம்.

முடிவு என்ன ஆயிற்று? தோழன் ஓடவில்லை, மூளைக்காய்ச்சலில் கிடந்திருக்கிறான்; ராம் தாஸின் எசமானாகப் பக்கத்து வீட்டில் இருந்ததே அவன்தான். சுரங்கத்தில் வைரமும் நிஜமாகவே இருந்திருக்கிறது. நாவலில் எர்மன்கார்ட் கடிதத்தோடு வந்து, வைரச் சுரங்கம் இருக்கத்தான் செய்கிறது என்று லவினியாவின் முகத்துக்கு நேராக அறிவிக்கிறாள். பந்தலூரில் பங்கு வாங்கியவர்களுக்கு இந்தக் கடிதம் வரவில்லை. தொடரில் சாரா பள்ளிக்கூடத்துக்கே ஒரு லட்சம் பவுன் நன்கொடை கொடுத்து, மின்சின் அம்மாளை மன்னித்து, லவினியாவோடும் சமாதானமாகி, பெக்கியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறாள். பிள்ளையைப் பரணில் போட்டுப் பட்டினி போட்ட அம்மாளுக்கு லட்சம் பவுன். கணக்குத் தெரிந்த லவினியாவுக்கு ஒரு கைகுலுக்கல். சங்கனுக்கும் பதுமனுக்கும் கிடைத்த சரிபாதி மார்க்கு அங்கே இல்லை.

லவினியாவுக்குக் குரல் கொடுத்தவர் யமதா எய்கோ. 1979இல் அதே நிறுவனத்தின் அனாதைக் கதாநாயகி ஆன் ஷெர்லியாகப் பேசி ஜப்பானையே தன் பக்கம் வைத்திருந்தவர், ஆறே வருஷத்தில் எல்லோரும் வெறுக்கிற பிள்ளையாகப் பேசினார். 1987இல் 'லிட்டில் விமன்' கதையைத் தொடராக எடுத்தபோது அவருக்கு மறுபடியும் கதாநாயகி வேஷம் கிடைத்தது: ஜோ.